நான்கு மாதமும் பத்து நாளும்

ஒவ்வொரு வருடமும் தை மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு படிவம் வரும். உங்கள் பிரிவில் போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருப்பார்கள். ஆண்களுக்கு ஒரு கட்டம், பெண்களுக்கு ஒரு கட்டம். பெண்களின் கட்டத்தில் பதினொரு வருடமாகப் பூச்சியம் எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் பத்து வருடமும் தெரியாமல் எழுதினேன். கடைசி முறை தெரிந்துகொண்டே எழுதினேன். அது மனதில் கிடந்து அரிப்பதால்தான் ஸஹ்னாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் குடும்ப நல உத்தியோகத்தர். ஊருக்கு மிட்வைஃப் மிஸ். பிறந்தது உடப்பில், வேலை கற்பிட்டிப் பக்கம். கர்ப்பிணிகளையும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். மற்ற உத்தியோகத்தர்கள் கேற்றடியில் நின்று கூப்பிடும் வீடுகளில் நான் நேரே குசினிக்குப் போய்விடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள், சொல்லட்டும். ஸஹ்னா என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. வீடு இருக்கும் இடத்தையும் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

போன வருடம் வைகாசியில் ஸஹ்னாவின் கணவன் ஸப்ராஸ், புத்தளம் வீதியில் மோட்டார் சைக்கிள் லொறியில் மோதி இறந்தான். முப்பத்திரண்டு வயது, படகு வேலை. அவன் தூள், அதாவது ஹெரோயின், பாவிக்கிறவன் என்பது அவர்கள் ஊரான பள்ளிவாசல்துறையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலாம் நாள் அவனுடைய உம்மா சித்தி ஸுலைஹா எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், மருமகளுக்குப் புள்ள தங்கி இரிக்கி போல."

மையித்து அடக்கி நாலு நாள் ஆகவில்லை. அந்தக் குரலில் அழுகையும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா ஒரே சத்தி. தண்ணி குடிச்சாலும் வெளியால வருது. அதோட மூணு மாசமா அவ ஒரு நேரத் தொழுகையும் உடல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்த."

மாதவிலக்கு நாட்களில் முஸ்லிம் பெண்கள் தொழுவதில்லை. ஒரே வீட்டில் இருக்கும் மாமிக்கு மருமகளின் நாட்கணக்கு தொழுகைப் பாயிலேயே தெரிந்துவிடும். மூன்று மாதம் பாய் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை, இப்போது சத்தி வேறு. எந்த மாமியும் அப்படித்தான் நினைப்பார். போன மகன் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று அந்த மனுசி பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணவன் இறந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அவசியம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகமாட்டாள், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அவள் கர்ப்பிணி என்றால் பிள்ளை பிறக்கும்வரை இத்தா. ஆகவே என்னைக் கூப்பிட்டதில் நியாயம் இருந்தது.

நான் போனபோது ஸஹ்னா திரை போட்ட அறையில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். வைகாசி வெயில் கூரைத் தகட்டில் ஏறி நிற்கிறது, காற்றாடியும் நிறுத்தி இருக்கிறது, இவளுக்குக் கைமயிர் எல்லாம் சிலிர்த்து நிற்கிறது. கண்ணாலும் மூக்காலும் ஒழுகியது. காலை உதறிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நாலரை வயது மகள் அஸ்ரியா, உம்மாவின் முகத்தைச் சேலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். சிறுநீரைச் சோதித்தேன். ஒரு கோடுதான் வந்தது, பிள்ளை இல்லை.

அப்போது அவள் கொட்டாவி விட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு விடாமல், வாய் கிழிகிற மாதிரி.

அந்தக் கொட்டாவியை நான் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் தம்பி கிரிசாந்த் தூள் கிடைக்காத நாட்களில் உடப்பில் எங்கள் விறாந்தையில் இப்படித்தான் கிடந்தான். அவனைப் பொலிஸ் பிடித்தது, நீதிமன்றம் உத்தரவு போட்டது, அரசாங்கத்துப் புனர்வாழ்வு நிலையத்தில் கட்டில் கொடுத்தார்கள், கூட்டிப்போக வாகனமும் வந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறினார். ஊரில் எல்லாரும் "பாவம் பெடியன், திருந்தி வரட்டும்" என்றார்கள். திரும்பி வந்து இப்போது சிலாபத்தில் தச்சு வேலை செய்கிறான்.

அஸ்ரியாவைத் திரிபோஷா சத்துமாப் பைக்கற்றோடு குசினிக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினேன்.

"எவ்வளவு காலமா?" என்றேன்.

"மூணு வருஷம்."

ஸஹ்னா குறிஞ்சிப்பிட்டிக்காரி. வாப்பாவுக்கு மிளகாய்த் தோட்டம். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள், கணக்கில் கெட்டி. தையல் பழகி, கல்யாணமாகி வந்த பிறகு அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு அபாயா தைத்துக் கொடுத்தவள். அவள் தைத்த மடிப்பு கோணியதை நான் பார்த்ததில்லை. கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் தையலை விட்டிருக்கிறாள். எல்லாரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன், எப்படித் தொடங்கியது என்று.

"கடவாப்பல்லு வலி மிஸ். அண்டைக்குச் சனிக்கிழம. பல்லு டொக்டர் செவ்வாக்கிழமதான். அஸ்ரியாட வாப்பா சொன்னார், இதில ஒரு இழுப்பு இழு, செவ்வாக்கிழம மட்டும் தாங்கும் எண்டு. தாங்கிச்சி. செவ்வாக்கிழம வந்த நேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல."

பிறகு ஸப்ராஸ் இரண்டு பேருக்குமாக வாங்கி வந்திருக்கிறான். மாதவிலக்கு நின்றதும் அதனால்தான். தூள் அப்படியும் செய்யும் என்று பிறகு டொக்டர் சொன்னார். பொலிஸ் இரண்டு முறை வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு முறையும் இவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்களே தவிர, இவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஊர்ப் போதை ஒழிப்புக் குழு கடைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது: மகனை மடியில் போட்டுக்கொண்டு அழும் ஒரு தாய். எனக்கு அந்தப் போஸ்டர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். அவற்றில் பெண் என்றால் அழுவதற்கு மட்டும்தான் வருவாள்.

இப்போது வாங்கிக் கொடுக்கிறவன் போய்விட்டான். இவள் இத்தாவில் இருக்கிறாள், வெளியே இறங்க முடியாது. உடம்பு தன் பாட்டில் தூளைக் கேட்டு முறுக்குகிறது. அதைத்தான் மாமி மசக்கை என்று நினைத்திருக்கிறார்.

"மாமிக்குத் தெரிஞ்சா அஸ்ரியாவ எடுத்துக்கிட்டு என்ன அனுப்பிருவாங்க" என்றாள் ஸஹ்னா. "வாப்பாட வீட்டுக் கதவும் தொறக்காது. இத்தா முடியிறதுக்குள்ள இத உட்டுட்டு எழும்போணும் மிஸ். புள்ளய வச்சிக்கொள்றதுக்கு எனக்கு வேற வழி இல்ல."

வெளியே வந்ததும் போதைச் சிகிச்சைக்கு உதவி கேட்கும் இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே இருந்தவர் நல்ல மனுசன், மரியாதையாகக் கதைத்தார்.

"ஆளுக்கு எத்தின வயசு? வரும்போது அவருட அம்மா இல்லாட்டி மனுசி வந்து கையெழுத்து வைக்கோணும்."

"ஆளே மனுசிதான்" என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கொஞ்சம் இருங்க" என்றார். கொஞ்சம் என்பது பதினைந்து நிமிடம். திரும்பி வந்து, பெண்களுக்கான இடம் தூரத்தில் ஒன்று இருக்கிறது, கட்டில்கள் நிரம்பி இருக்கின்றன, பிள்ளையோடு வர முடியாது, பெயரைப் பதிந்து வைக்கட்டுமா என்று கேட்டார். பெயரைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. என் போன் இலக்கத்தை மட்டும் கொடுத்தேன். இல்லாத கட்டிலை அவர் எங்கிருந்து கொண்டு வருவார்.

புத்தளம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடந்த ஒரு கருத்தரங்கில் கொள்கைப் புத்தகம் ஒன்று தந்திருந்தார்கள். அலுமாரியில் தேடி எடுத்துப் பார்த்தேன். பெண்களுக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. பெண்களின் தேவை வேறு, அவர்களுக்கு வெட்கமும் பயமும் அதிகம், பிள்ளைகளைப் பிரியாமல் சிகிச்சை பெற வசதி செய்யப்பட வேண்டும் என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. எழுதியவர் விளங்கித்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து ஸஹ்னாவின் அறைக்கு வர ஒரு பஸ்கூட இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் எங்கள் டொக்டரிடம் போனேன். சிங்களப் பெண், அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மருந்து கொடுக்கலாம், ஆனால் மருந்து பாதிதான் என்றார். அமைதியான ஒரு அறை வேண்டும், கண்டவர்கள் வந்து போகக்கூடாது, நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க ஆள் வேண்டும், விற்கிறவனிடம் போக வழி இருக்கக்கூடாது, அதுவும் மாதக்கணக்கில். அதை எங்கே தேடுவது என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் அவவுக்கு இருக்கு டொக்டர்" என்றேன். இத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவரும் சிரித்தார். அடுத்த நாளே வந்து பார்த்தார். சத்திக்கும் வயிற்றுப் போக்குக்கும் நித்திரைக்கும் மருந்து கொடுத்தார். போகும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "சில மாதம் விட்ட பிறகு பழைய அளவு எடுத்தால் ஆள் அந்த இடத்திலேயே போய்விடும். வெளியே வரும் நாளைக் கவனியுங்கள்."

கிழமைக்கு ஒரு முறை நான் அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டும். அஸ்ரியாவுக்கு ஐந்து வயது ஆக இன்னும் மாதங்கள் இருந்தன, ஆகவே அவளை நிறுத்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் நிறுத்தேன். இலங்கையிலேயே அவ்வளவு முறை நிறுக்கப்பட்ட பிள்ளை வேறு இருக்காது. "மிஸ், நேத்தைக்கும் நான் இவ்வளவுதான் இருந்த" என்று ஒரு நாள் அவளே என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

இனி என் பிழையையும் சொல்ல வேண்டும். சோதனையில் பிள்ளை இல்லை என்று மாமியிடம் முதல் நாளே சொன்னேன். "இன்னும் நாள் போகோணும், அப்பதான் தெரியும்" என்றார் அவர். நான் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை இருக்கிறது என்ற நினைப்பில் அவர் மூன்று நேரமும் பால் காய்ச்சினார், முட்டை அவித்தார், கோழிச்சாறு வைத்தார், வருகிற பெண்களை இரண்டு வார்த்தையோடு அனுப்பினார். அதெல்லாம் ஸஹ்னாவுக்குத் தேவையாக இருந்தது. அதனால் அந்தப் பொய்யை அப்படியே இருக்க விட்டேன். மகனை இழந்த ஒரு தாயின் ஆசையை வைத்து நான் வைத்தியம் பார்த்தேன். அது பாவம்தான். திரும்ப வந்தாலும் அதையே செய்வேனோ தெரியாது.

பத்தாம் நாள் சத்தி நின்றது. மூன்றாம் கிழமை கொஞ்சம் நித்திரை வந்தது. ஐந்தாம் கிழமை தையல் மெசினைக் கேட்டாள். ஆனால் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸப்ராஸின் கூட்டாளி மக்பூல் வேலிக்கு வெளியே வந்து நின்று, "தங்கச்சிக்கு ஏதும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். நல்ல பெடியன், கூட்டாளியை மறக்கவில்லை என்று மாமி அவனைப் புகழ்வார். அந்தக் குரல் கேட்டதும் ஸஹ்னா உதட்டைக் கடித்துக்கொண்டு மெசினை வேகமாக மிதிப்பாள். தூள் அவனிடமிருந்துதான் வந்தது.

நாற்பத்து நாலாம் நாள் ஒரு புதன்கிழமை. நான் பிள்ளையை நிறுத்துக்கொண்டிருந்தேன். லுஹர் தொழும் நேரம். மாமி பால் கோப்பையோடு வந்தவர், அறை வாசலில் நின்றுவிட்டார். தொழுகைப் பாய் சுருட்டி மூலையில் வைத்திருந்தது. உடம்பு தன் வழிக்குத் திரும்பியிருந்தது. நானும் டொக்டரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நல்ல செய்தி அது.

"கரஞ்சிட்டா?" என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

கரு கலைந்துவிட்டது என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஓம் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. ஸஹ்னா முந்திக்கொண்டாள்.

"இல்ல மாமி. புள்ள இருக்கவே இல்ல. நானும் அவரோட சேந்து தூள் அடிச்ச. அது இல்லாமத்தான் அப்படி சத்தி எடுத்த."

மாமி என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கும் தெரியுமா?"

"ஓம்" என்றேன்.

அவர் பாலைத் தரையில் வைத்துவிட்டு அஸ்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். ஸஹ்னா அழவில்லை. பிள்ளை போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தராசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்று சாப்பிடவில்லை.

அடுத்த புதன்கிழமை அந்தத் தெருவுக்கு வழமையைவிடப் பிந்தியே போனேன். முற்றத்தில் அஸ்ரியா விளையாடிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. மாமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எண்ட மகன ரெண்டு தரம் புடிச்ச நேரம் பள்ளிவாசல்லயும் பேசி, காயிதமும் எழுதி, ரெண்டு தரமும் அனுப்பி வச்ச. நான்தான் கையெழுத்து வச்ச. இவள எங்க அனுப்புற?"

"அனுப்ப இடம் இல்ல. கட்டில் வந்தா சொல்லுவாங்க."

"ஒரு எடமும் இல்லயா?"

"இப்போதைக்கு இல்ல."

கொஞ்ச நேரம் துருவினார். "அவன் ரெண்டு தரம் போயிட்டு ரெண்டு தரமும் வந்து திரும்ப அடிச்சான். இவ எண்ட அறைக்குள்ள கெடந்தே உட்டிருக்கா. நான் பால் காய்ச்சிக் குடுத்த. வேற ஒண்டும் செய்யல்ல." பிறகு தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குக் கோவம் இரிக்கி மிஸ். ஒங்க மேலயும் இரிக்கி. பேரப்புள்ள எண்டு நெனச்சி ஒன்றரை மாசம் நான் சிரிச்சிக்கிட்டு இருந்த. ஆனா உம்மாட்ட இருந்து புள்ளயப் பிரிக்கிற வேல எனக்கு ஏலா."

அந்த வெள்ளிக்கிழமை மக்பூல் வந்து வேலிக்கு வெளியே நின்று, தங்கச்சிக்கு ஏதும் வேணுமா என்று கேட்டான். மாமி வேலிவரை போனார்.

"வேணும்" என்றார். "நீ இந்தப் பக்கம் வராம இருக்கோணும். திரும்ப வந்தா, எண்ட மகனுக்கு நீ என்ன குடுத்த எண்டு பள்ளில எழும்பி நிண்டு சொல்லுவன்."

அவன் பிறகு வரவில்லை. ஆனால் எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. மருமகளுக்குப் பிள்ளை என்று மாமி ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். இப்போது பெண்கள் வந்து எத்தனை மாதம் என்று கேட்டார்கள். சித்தி ஸுலைஹா என்றால் மற்றவர்கள் பிழையைத் திருத்துகிறவர், வாய்ச்சொல்லில் ஒருவருக்கும் பிடி கொடுக்காதவர். அவர் ஒவ்வொருத்தியிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: "எனக்குத்தான் புத்தி தடுமாறிப் போச்சி. மகன் போன கவலைல எதப் பாத்தாலும் புள்ளயாத் தெரிஞ்சிச்சி." அவர்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சிலர் கேற்றைத் தாண்டியதும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்தச் சத்தியைப் பற்றி ஒருவரும் ஸஹ்னாவிடம் கேட்கவில்லை.

புரட்டாதியில் இத்தா முடிந்தது. குளித்து, இத்தாவில் உடுத்திருந்த வெள்ளையை மாற்றி, ஊதா நிறத்தில் தானே தைத்த உடுப்பை உடுத்துக்கொண்டு நின்றாள். டொக்டர் சொன்ன நாள் இதுதான், அதை நான் அவளிடமும் சொல்லியிருந்தேன். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"மாமி, இன்னும் கொஞ்ச நாள் நான் உள்ளுக்கே இருக்கட்டா?"

"முடிஞ்ச கணக்க நான் எப்படிக் கூட்டுற" என்றார் மாமி. "அபாயாவப் போடு. பிள்ளய நிறுக்கக் கொண்டு போவம்."

கிளினிக்குக்குக் கடற்கரைப் பாதைதான். மக்பூலின் மீன் வாடி அந்தப் பாதையில், கடற்பக்கமாகத்தான் இருக்கிறது. மாமி கடற்பக்கமாக நடந்தார், அஸ்ரியாவை நடுவில் விட்டார், ஸஹ்னா உள்பக்கமாக வந்தாள். வாடியடியில் வந்ததும் மாமி நடையைக் குறைத்தார். மூன்று பேரும் கடந்து போனார்கள். நான் நாலடி பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அஸ்ரியா அன்று அரைக் கிலோ கூடியிருந்தாள்.

தையில் படிவம் வந்தது. பெண்களின் கட்டத்தில் ஒன்று என்று எழுதினால், யார், எந்த வீடு, எந்த நிலையத்தில் சிகிச்சை என்று அடுத்த வரி கேட்கும். பெயரை வெளியே விடமாட்டேன் என்று ஸஹ்னாவுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். பூச்சியம் எழுதினேன். கச்சேரிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் அதை வாசித்துவிட்டு, எங்கள் பிரிவில் பெண்களுக்குள் இந்தப் பிரச்சினை இல்லை, மிக நல்ல விஷயம், ஆகவே ஆண்களின் வேலைத்திட்டத்தை விரிவாக்கலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அஸ்ரியாவுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது, இனி அந்த வீட்டுக்குப் போக எனக்கு அரசாங்கக் காரணம் இல்லை. சட்டைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஸஹ்னா அளவெடுத்தாள், கை நடுங்கவில்லை. சில நாட்களில் இன்னும் மனம் கேட்கிறதாம். அப்போது மாமியிடம் போய் அப்படியே சொல்லிவிடுவாளாம், மாமி ஏசிக்கொண்டே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாராம். படிவத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். உன்னைக் காட்டிக் கொடுக்காமல் பூச்சியம் எழுதிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் அளவு நாடாவைக் கீழே விட்டாள். "பூச்சியம் எண்டா, இன்னொருத்திக்குக் கட்டில் எப்படி மிஸ் வரும்?"

"பேரும் வீடும் கேப்பாங்களே" என்றேன்.

"பேரு போடாதீங்க" என்றாள். "ஒண்டு எண்டு மட்டும் எழுதுங்க."

குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "எழுதுங்க மிஸ். எண்ட மகன ரெண்டு தரம் எண்ணினாங்க. இவள ஒரு தரமாவது எண்ணட்டும்."